ஜாம் மினார்: ஆறு கொண்டுபோன பள்ளிவாசல், அது விட்டுவைத்த கோபுரம்

மேற்கு ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில், ஹெராத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 215 கிலோமீட்டர் தொலைவில், ஹரி ருத் ஆற்றோடு ஜாம் ருத் என்ற சிற்றாறு வந்து சேர்கிறது. அந்த முனையில் 65 மீட்டர் உயரத்துக்கு ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து அந்த இடம் 1,900 மீட்டர் உயரம். சுற்றிலும் செங்குத்தான மொட்டை மலைகள். கோபுரத்தை ஒட்டிப் பள்ளிவாசல் கிடையாது, கடைத்தெரு கிடையாது, மதில்கூடக் கிடையாது. தண்ணீர் வரம்பிலிருந்து சில அடி தள்ளி, கோபுரம் மட்டும்.

மினார் என்றாலே பாங்கு சொல்லும் இடம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஊரே இல்லாத மலையிடுக்கில் பாங்கு யாருக்காக? அப்படியே ஊர் இருந்திருந்தாலும் 65 மீட்டர் உச்சியிலிருந்து சொல்லும் பாங்கு, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கீழே இருப்பவர் காதில் தெளிவாக விழுமா? இந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் "இது பள்ளிவாசல் மினார் அல்ல, வெற்றித் தூண்" என்ற விளக்கம் வலுப்பெற்றது. பல பத்தாண்டுகளாகப் பயணக் கையேடுகளும் கலை வரலாற்று நூல்களும் அதையே சொல்லிவந்தன. அந்த முடிவு கோபுரத்தைப் பார்த்து எடுத்தது, கோபுரத்தின் காலடியைப் பார்த்து எடுத்ததல்ல என்பது என் கருத்து. ஜாமின் கதை மேலே உள்ள எழுத்தில் பாதி, கீழே உள்ள ஆற்றுச் சரளையில் பாதி. சரளையைத் தோண்டிப் பார்க்க வெகு காலம் ஆயிற்று.

கட்டியவர்கள்

நம் பள்ளிப் பாடங்களில் முகமது கோரி என்று வருகிறாரே, அவருடைய குடும்பம்தான். ஆனால் இந்த மினாரைக் கட்டியவர் அவரல்ல. அவருடைய அண்ணன் கியாசுதீன் முகமது பின் சாம். 1163 முதல் 1203 வரை ஆட்சி செய்தவர். பாடநூல்களில் தம்பிக்கு இருக்கும் இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அண்ணனுக்கு இல்லை. இந்தியாவுக்கு வந்தவர் தம்பி என்பதுதான் காரணம். அந்த அரசில் மூத்த சுல்தான் அண்ணன், தம்பி முய்சுதீன் அவருக்குக் கீழ்ப்பட்டு நடந்தவர். 1192-இல் இரண்டாம் தரைன் போரில் பிருதிவிராஜ் சௌகானை வென்ற பிறகும் அதுதான் நிலை.

கோர் நாடு இஸ்லாத்துக்குத் தாமதமாக வந்த மலைநாடு. நாலாபுறமும் முஸ்லிம் அரசுகள் இருக்க, நடுவில் பழைய வழிபாட்டோடு ஒதுங்கிக் கிடந்த பகுதி என்று 10-ஆம் நூற்றாண்டின் புவியியல் எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். கஜினி முகமது 1011-இல் அங்கே படை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு கோர்த் தலைவர்கள் கஜினிக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்கள்.

12-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கட்டு அறுந்தது, அதுவும் ரத்தத்தோடு. கோர் இளவரசர்களில் ஒருவர் பிரோஸ்கோ என்ற இடத்தைத் தன் தலைநகராகத் தேர்ந்தெடுத்தார். பிறகு உடன்பிறந்தாரோடு பிணக்கு. கஜினிக்குப் போனவரை அங்கே சுல்தான் பஹ்ராம் ஷா கொன்றார். பழிவாங்கப் போன இன்னொரு சகோதரரையும் 1149-இல் பிடித்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்று கொன்றார்கள். மூன்றாவது சகோதரர் அலாவுதீன் ஹுசைன் கஜினிக்குள் புகுந்து நகரையே கொளுத்தினார். 'ஜஹான்சூஸ்', உலகை எரித்தவர், என்ற பட்டம் அவருக்கு அதனால் வந்தது. கியாசுதீன் இந்த அலாவுதீனின் அண்ணன் மகன்.

தந்தை தலைமுறை எரித்த கஜினியை 1173-இல் கியாசுதீனும் முய்சுதீனும் துருக்கியக் குழுக்களிடமிருந்து கைப்பற்றினார்கள். தம்பியைக் கஜினியில் அமர்த்திவிட்டு அண்ணன் மலைக்குள் இருந்த பிரோஸ்கோவிலிருந்தே ஆண்டார். 1175-இல் ஹெராத், 1186-இல் லாகூர், 1200-இல் நிஷாப்பூர் என்று அரசு விரிந்தது. ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு தேதிச் சண்டை வருகிறது.

கட்டுமானம்

அடியில் எண்கோணப் பீடம், சுமார் 9 மீட்டர் விட்டம். அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப்போக ஒடுங்கும் நான்கு உருளைகள். முழுவதும் சுட்ட செங்கல். உருளைகள் சேரும் இடங்களில் மரத்தாலான மாடங்கள் வெளியே நீண்டிருந்தன. அவை போய்விட்டன. உச்சியில் இருந்த விளக்குமாடம் போன்ற கூண்டின் மிச்சம் மட்டும் இருக்கிறது.

உள்ளே போனால்தான் கொத்தனாரின் மூளை தெரியும். நடுவில் ஒரு தடித்த தூண். அதைச் சுற்றி ஒரு படிக்கட்டு அல்ல, இரண்டு. ஒன்றையொன்று தொடாமல், ஒரே திசையில் சுழன்று மேலேறும் இரட்டைச் சுருள் படிகள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் எதிர்ப்படாமல் இறங்கலாம். வசதி ஒருபுறம் இருக்கட்டும், கட்டுமானத்துக்கு இது செய்யும் வேலைதான் முக்கியம். படிகள் ஒவ்வொன்றும் நடுத்தூணையும் வெளிச்சுவரையும் பிணைக்கின்றன. அந்தப் பிணைப்பு சுற்றிச் சுற்றி மேலே போகிறது. இரண்டு சுருள் இருப்பதால் எந்த உயரத்தில் குறுக்கே வெட்டினாலும் எதிரெதிராக இரு இடங்களில் சுவர் உள்ளே கட்டுண்டு இருக்கும். காற்றோ நிலநடுக்கமோ ஒரு பக்கம் தள்ளினால் வெளிச்சுவர் தனியாக வளையாது, நடுத்தூணும் சேர்ந்து தாங்கும். மேல் உருளைகளில் படிக்கட்டு முறை மாறி, கவிந்த விதானங்கள் கொண்ட தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. எடை மேலே குறைய வேண்டும், உறுதியும் போகக்கூடாது என்பதற்கு இது ஒரு நேர்த்தியான தீர்வு.

வெளிப்பக்கத்தில் கல் கிடையாது, சாந்துப் பூச்சும் பெரிதாக இல்லை. செங்கல்லையே வெட்டி, செதுக்கி, முன்தள்ளி, உள்ளிழுத்து உருவாக்கிய அலங்காரம். முதல் உருளையின் மேற்பரப்பை எட்டு நெடும் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கீழே பீடத்தின் எட்டு முகங்களுக்கு நேராக ஒவ்வொரு பட்டை. ஒவ்வொன்றிலும் வட்டம், நீள்வட்டம், சதுரம் என்று வடிவங்கள் பின்னிக்கொண்டு மேலே போகின்றன. அந்த வடிவங்களின் விளிம்பாக ஓடும் நாடா வெறும் கோடல்ல, எழுத்து. வெயில் சாயும்போது புடைப்புகளின் நிழல் விழுந்து வடிவங்கள் துலங்கும்படி ஆழம் வைத்திருக்கிறார்கள். நிறம் என்று பார்த்தால், மண் நிற உடம்பின் மேற்பகுதியில் ஒரே ஒரு பட்டை பசுநீல மெருகு ஓட்டில் மின்னுகிறது. அது சுல்தானின் பெயர்.

செய்தவரின் பெயரும் இருக்கிறது: அலி பின் இப்ராஹிம் அல்-நிஷாப்பூரி. நிஷாப்பூர் அப்போது கோரி அரசுக்குள் இல்லை. 1200-இல்தான் அவர்கள் கைக்கு வந்தது. ஆக, கோபுரத்துக்கு எந்தத் தேதியை ஏற்றாலும், அந்த ஊர்ப் பெயர் தாங்கிய கைவினைஞர் அரசின் எல்லைக்கு வெளியே வேர் உள்ளவர். மலைக்குடித் தலைவர்கள் சுல்தான்களாகத் தலைநிமிர்ந்தபோது நிஷாப்பூர் இருந்த குராசான் பகுதியின் முதல்தரக் கைகளை வரவழைத்தார்கள் என்று இதைப் படிக்கலாம். செங்கல்லில் இப்படி எழுதும் மரபு ஏற்கெனவே அந்த நிலத்தில் முதிர்ந்திருந்தது. புகாராவின் கல்யான் மினார் 1127-லேயே நின்றுவிட்டது. கஜினியில் மூன்றாம் மசூதும் பஹ்ராம் ஷாவும் எழுப்பிய இரண்டு மினார்கள் நட்சத்திர வடிவ அடித்தளத்தோடு இன்றும் இருக்கின்றன. ஜாம் அந்த மரபின் உச்சம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொடக்கம் அல்ல.

எழுத்தில் என்ன இருக்கிறது

முதல் உருளையின் எட்டுப் பட்டைகளிலும் ஓடும் நாடாவில் இருப்பது குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம், சூரா மர்யம். ஓரிரு வசனங்கள் அல்ல, 98 வசனங்களும். அரசர்கள் கட்டிய கோபுரங்களில் வழக்கமாகப் பார்ப்பது ஒரு துண்டு வசனமும் பட்டப்பெயர் வரிசையும்தான். முழு அத்தியாயத்தையும் செங்கல்லில் அறுத்து ஒட்டுவது சாதாரண முடிவல்ல. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் ஆளால் அதில் பெரும்பகுதியைப் படிக்கவும் முடியாது. படிப்பதற்காக அல்ல, அங்கே இருப்பதற்காக எழுதியது.

ஏன் மர்யம்? அந்த அத்தியாயத்தில் முதுமையில் பிள்ளை கேட்கும் ஸக்கரிய்யா வருகிறார், பேரீச்ச மரத்தடியில் ஈசாவை, அதாவது இயேசுவை, பெறும் மர்யம் வருகிறார், தொட்டிலிலேயே பேசும் குழந்தை வருகிறது. அடுத்து இப்ராஹிம் தன் தந்தையைப் பார்த்து, கேட்கவும் பார்க்கவும் முடியாத ஒன்றை ஏன் வணங்குகிறீர்கள் என்று கேட்கும் பகுதி. இறைவனுக்குப் பிள்ளை உண்டு என்பதை மறுத்து அத்தியாயம் முடிவை நோக்கிப் போகிறது. சிலை வணக்கத்தை மறுக்கும் பகுதியை வைத்து இந்தியப் போர்களோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. கோரி அரசர்கள் அப்போது சார்ந்திருந்த கர்ராமிய்யா என்ற பிரிவின் கொள்கை விவாதங்களோடு சேர்த்துப் படிப்பவர்களும் உண்டு. கியாசுதீன் 1199 வாக்கில் அந்தப் பிரிவை விட்டு ஷாஃபி என்ற சுன்னி சட்ட மரபுக்கு மாறினார். கர்ராமிய்யா விளக்கம் சரியென்றால் மினார் அந்த மாற்றத்துக்கு முந்தையது. எனக்கு இந்த இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது. வெளியூர்ப் பகைவனை நோக்கி எழுதியவர்கள் யாருமே எட்டாத மலையிடுக்கில் எழுத மாட்டார்கள். சொந்த ஊர் மக்களையும், சொந்த மதகுருக்களையும் நோக்கி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு தகவலையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மினாருக்கு அருகே குஷ்கக் குன்றில் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் கிடைத்தன. இங்கே யூத வணிகச் சமூகம் ஒன்று வாழ்ந்து இறந்திருக்கிறது. மலைக்குள் ஒதுங்கிய இடம் என்று நாம் நினைப்பது அந்தக் காலத்து வணிகர்களுக்கு ஒதுக்குப்புறமாகத் தோன்றவில்லை.

உச்சிக்கு அருகே இரண்டு எழுத்துகள். ஒன்று கலிமா, இஸ்லாமிய நம்பிக்கையின் உறுதிமொழி. மற்றது 61-ஆம் அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்திலிருந்து: அல்லாஹ்விடமிருந்து உதவியும், அண்மையில் ஒரு வெற்றியும். வெற்றித் தூண் கட்சிக்கு இதுதான் முதல் சான்று. ஆனால் படைக்கொடியிலிருந்து கதவு நிலை வரை பல இடங்களிலும் எழுதப்படும் வசனம் இது. இதை மட்டும் வைத்து ஒரு போரைக் கண்டுபிடிக்க முடியாது.

போரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஆண்டு வேண்டும். மினாரில் ஆண்டும் இருக்கிறது, சிதைந்த நிலையில். ஐந்நூற்று என்பது தெரிகிறது. அதற்கடுத்த பத்து என்ன? இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரியில் 590 என்று ஒரு வாசிப்பு, 570 என்று இன்னொரு வாசிப்பு. இது ஏதோ கண் மங்கலால் வந்த குழப்பமல்ல. அரபியில் எழுபதும் தொண்ணூறும் புள்ளியில்லாமல் எழுதினால் ஏறத்தாழ ஒரே உருவம். சீன் என்ற எழுத்துக்கு மூன்று பல், பா-வுக்கும் தா-வுக்கும் ஆளுக்கு ஒரு பல். எழுபதில் முதலில் மூன்று பல் பிறகு ஒன்று, தொண்ணூறில் முதலில் ஒன்று பிறகு மூன்று. புள்ளி போட்டால்தான் எது எது என்று தெரியும். மினாரில் இருக்கும் கூஃபி என்ற பழைய அரபி எழுத்து வடிவில் புள்ளி வைப்பதில்லை. நம் பழைய கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி இல்லாமல் வாசிப்பவர் திணறுவது போலத்தான், நான்கு பற்களைப் பார்த்துவிட்டு இருபது ஆண்டு வித்தியாசத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த இருபது ஆண்டில்தான் எல்லாம் தலைகீழாகிறது. 590 என்றால் பொது ஆண்டு 1193–94. தரைன் வெற்றிக்கும் டெல்லி கைப்பற்றலுக்கும் ஓரிரு ஆண்டு கழித்து. அப்படியானால் இது இந்திய வெற்றியின் நினைவுத் தூண் என்று சொல்லலாம். 570 என்றால் 1174–75. தரைன் இன்னும் நடக்கவில்லை, லாகூர்கூட விழவில்லை. கோபுரத்துக்கும் டெல்லிக்கும் எந்த ஒட்டும் இல்லை. அண்மைக் கால ஆய்வுகளில் பிரெஞ்சு அறிஞர் ழானின் சூர்தெல்-தோமின் 570 என்ற வாசிப்பை முன்வைத்தார், பலர் இப்போது அதை ஏற்கிறார்கள். யுனெஸ்கோவின் குறிப்புகளில் 1194 இன்னும் குந்தியிருக்கிறது. 570-ஐ ஏற்பவர்களிலும் சிலர், கஜினி விழுந்ததற்கு மறு ஆண்டு என்பதால் அதுவே கொண்டாடப்பட்ட வெற்றி என்கிறார்கள். போரில்லாமல் கோபுரம் எழாது என்ற பிடிவாதத்தை விடுவது அவ்வளவு எளிதாக இல்லை.

தனிமையே உண்டாக்கிய கதை

மினாரை வெளியுலகம் அறிந்த விதமும் இந்தப் பிடிவாதத்துக்கு உரமிட்டது. 1886-இல் ஆப்கான் எல்லை ஆணையத்தில் வேலை செய்த தாமஸ் ஹோல்டிச் ஒரு குறிப்பு எழுதினார், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1943-இல் ஆப்கான் அறிஞர் அகமது அலி கோசாத் மூலம் நாட்டுக்குள் செய்தி பரவியது. 1957-இல் பெல்ஜிய ஆய்வாளர் ஆந்த்ரே மாரிக் நேரில் போய், காஸ்தோன் வியேத்தோடு சேர்ந்து 1959-இல் நூலாக வெளியிட்ட பிறகே உலகக் கலை வரலாற்றில் ஜாம் இடம்பிடித்தது. அத்தனை பேரும் பார்த்தது ஒரே காட்சி: மலை, ஆறு, தனிக் கோபுரம். தொலைந்துபோன பிரோஸ்கோ இதுதான் என்று மாரிக் சொன்னார். இவ்வளவு குறுகலான பள்ளத்தாக்கில் ஒரு சாம்ராஜ்யத்தின் தலைநகர் எப்படி இருக்கும் என்று சிலர் மறுத்தார்கள்.

நகர் இல்லையென்றால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊரே கூடும் ஜும்ஆ பள்ளிவாசல் இல்லை. பள்ளிவாசல் இல்லையென்றால் மினார் பள்ளிவாசலுக்கானதல்ல. ஆகவே வெற்றித் தூண். தர்க்கம் சரி, முதல் படி தவறு. கஜினியின் இரண்டு மினார்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. சுற்றியிருந்தவை அழிந்து மினார்கள் மட்டும் நிமிர்ந்து நின்றதால் ஐரோப்பியப் பயணிகள் அவற்றையும் வெற்றித் தூண்கள் என்றே எழுதினார்கள்.

டெல்லியின் குதுப் மினாரும் இந்தக் கதைக்குள் இழுக்கப்பட்டது. அது 72.5 மீட்டர், ஜாமை விட உயரம். அதன் கீழடுக்கின் எழுத்துப் பட்டைகளில் முய்சுதீன் பெயரோடு அண்ணன் கியாசுதீன் பெயரும் இருக்கிறது. ஜாம் மினாரைப் போலவே ஒடுங்கிக்கொண்டே போகும் அடுக்குகள், இடையிடையே மாடங்கள், உடம்பைச் சுற்றும் எழுத்துப் பட்டைகள். ஒரே குடும்பத்தின் அரசியல் அடையாளம் செங்கல் நாட்டிலிருந்து கல் நாட்டுக்கு இடம்பெயர்ந்தது என்பது உறுதி. ஆனால் குதுப் மினார் குவ்வத்-உல்-இஸ்லாம் பள்ளிவாசலை ஒட்டி நிற்கிறது. ஜாமுக்கு அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வெற்றி என்பதல்ல, பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் இருந்திருக்க வேண்டும் என்பதே. பலர் இதைத் திருப்பிப் படித்தார்கள்.

சரளைக்கு அடியில்

சாட்சி ஒருவர் முதலிலிருந்தே இருந்தார். மின்ஹாஜ் ஜுஸ்ஜானி 1193-இல் பிறந்தவர். பிரோஸ்கோ அரண்மனையில், கியாசுதீனின் மகள் நிழலில் வளர்ந்தவர். பிறகு டெல்லிக்குப் போய், 1260-இல் 'தபகாத்-இ-நாசிரி' என்ற வரலாற்றை முடித்தார். இளமையில் கண்ட ஊரைப் பற்றி அவர் எழுதுவதில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. அஜ்மீர்க் கொள்ளையிலிருந்து பொன் வளையமும் பொன் சங்கிலியும் பிரோஸ்கோவுக்கு வந்தன. சுல்தான் அவற்றை ஜும்ஆ பள்ளிவாசலின் முகப்பில் தொங்கவிடச் சொன்னார். பின்னர் வெள்ளம் அந்தப் பள்ளிவாசலை அழித்தது. அப்போது அந்தப் பொன்னை ஹெராத்துக்கு அனுப்பி, தீயில் எரிந்துபோன அங்குள்ள பெரிய பள்ளிவாசலைத் திரும்பக் கட்டப் பயன்படுத்தினார்கள்.

இதில் கால வரிசை தெளிவாகவே இருக்கிறது. அஜ்மீர் 1192-இல் விழுந்தது. ஹெராத் பள்ளிவாசலின் மறுகட்டுமானம் 1200–01. இந்த எட்டொன்பது ஆண்டுகளுக்குள் பிரோஸ்கோவின் பள்ளிவாசலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சுல்தான் உயிரோடிருக்கும்போதே. மினார் 570-இல் எழுந்ததென்றால் அது பள்ளிவாசலோடு சேர்ந்து வாழ்ந்தது இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் போகாது. தனியாக நிற்பது எண்ணூறு ஆண்டுக்கும் மேலாக.

ஜுஸ்ஜானியின் இந்த வரிகள் அறிஞர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஜாம்தான் பிரோஸ்கோ என்பதே கேள்வியாக இருந்தவரை அவற்றை ஜாமோடு பொருத்த யாருக்கும் துணிவில்லை. மண்ணில் சான்று வேண்டியிருந்தது. 1970-களில் தொடங்கிய சிறு கள ஆய்வுகளை 1979-இல் வந்த போர் நிறுத்தியது. டேவிட் தாமஸ் தலைமையில் 2003-லும் 2005-லும் ஒரு தொல்லியல் குழு அங்கே வேலை செய்ய முடிந்தது. மினாரின் அருகே, ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளையும் வண்டலும் படிந்த அடுக்குகளுக்குக் கீழே, சுட்ட செங்கல் பாவிய பெரிய முற்றத்தின் தளம் இருந்தது. பெரிய முற்றமுள்ள கட்டடம், அதன் மேல் வெள்ளப் படிவு. ஜுஸ்ஜானி சொன்னதோடு இது பொருந்துகிறது.

பள்ளத்தாக்கு குறுகல் என்ற மறுப்புக்கும் பதில் கிடைத்தது. கோரிகள் ஓரிடத்தில் ஆண்டு முழுதும் குந்தியிருந்தவர்கள் அல்ல. கோடையில் பிரோஸ்கோ, குளிரில் தெற்கே ஸமீந்தாவர். அரசரோடு படையும் குடிகளும் கால்நடையும் நகரும். பெரும்பகுதி மக்கள் கூடாரத்தில் வாழ்ந்த கோடைத் தலைநகருக்கு டெல்லி போன்ற பரப்பு தேவையில்லை. மலைச்சரிவுகளில் வீடுகளின் மிச்சம் இருக்கிறது. ஹரி ருத்தின் எதிர்க்கரையில் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. தலைநகர் இருந்தது, நமக்குப் பழக்கமான வடிவத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, என் தீர்ப்பு: ஜாம் ஒரு ஜும்ஆ பள்ளிவாசலின் மினார். வெற்றியின் பெருமிதம் அதில் இல்லை என்று சொல்லவில்லை. பாங்குக்கு 65 மீட்டர் தேவையில்லை, பெருமைக்குத்தான் தேவை. ஆனால் பெருமை வேறு, நினைவுத் தூண் வேறு. தலைமுறைக்கு முன்புவரை கஜினிக்குக் கப்பம் கட்டிய மலைக்குடும்பம், தன் தலைநகரின் பள்ளிவாசலுக்குக் கஜினியில் இருப்பதை விடப் பெரிய மினார் வேண்டும் என்று நினைத்தது. அந்த ஆசைக்கு ஒரு குறிப்பிட்ட போர் தேவைப்படவில்லை.

1203-இல் கியாசுதீன் ஹெராத்தில் இறந்தார், 1206-இல் முய்சுதீன் கொல்லப்பட்டார். 1215 வாக்கில் குவாரிஸ்ம் ஷா, அதாவது குவாரிஸ்ம் அரசின் மன்னர், பிரோஸ்கோவை எடுத்துக்கொண்டார். 1222-இல் செங்கிஸ்கானின் மகன் ஒகதாயின் படை நகரை முடித்துவைத்தது.

கோபுரத்தின் இன்றைய பிழைப்பு

பள்ளிவாசலைக் கொண்டுபோன ஆறு இன்னும் அங்கேயேதான் ஓடுகிறது. பனி உருகும் வசந்தத்தில் ஹரி ருத்தும் ஜாம் ருத்தும் ஒரே நேரத்தில் பெருகும். இரண்டும் மோதும் முனையில் மினார். தண்ணீர் நேராக வந்து இடிப்பதை விட ஆபத்து கரை அரிப்பு. பீடத்தின் ஒரு பக்கத்து மண் தளர்ந்தால், இவ்வளவு ஒடுக்கமான, இவ்வளவு உயரமான கட்டடம் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்ததும் எடை முழுதும் அந்த ஓரத்துக்கு மாறும், அந்த ஓரத்து மண் மேலும் அமுங்கும். மினார் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருக்கிறது.

இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆந்த்ரேயா புரூனோ 1960-களிலிருந்தே இதைச் சொல்லிவந்தார். கம்பி வலைக்குள் கல் நிரப்பிய தடுப்புகளை ஆற்றோரம் வைத்துக் கரையைக் காக்கும் வேலை அவர் ஆலோசனையில் நடந்தது. அடுத்தடுத்த வெள்ளங்கள் அவற்றைப் பிய்த்தன, திரும்ப வைத்தார்கள். 2002-இல் ஆப்கானிஸ்தானின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஜாம் பட்டியலில் ஏறியது. அதே நாளில் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் ஏறியது. 2019 மே மாத வெள்ளத்தில் ஊர்க்காரர்கள் நீரைத் திருப்ப முயன்று போராடினார்கள். 2022 ஜனவரியில் பக்கத்து மாகாணமான பாத்கீஸை உலுக்கிய நிலநடுக்கத்தில் மினாரிலிருந்து செங்கற்கள் பெயர்ந்து விழுந்தன.

திருட்டு வேறு. 2001-க்குப் பிறகு சரிவுகளில் நூற்றுக்கணக்கான குழிகள் வெட்டப்பட்டன. மெருகோட்டுப் பாண்டம், உலோகப் பொருள் எது கிடைத்தாலும் சந்தைக்குப் போயிற்று. 2003-இல் தாமஸ் குழு செய்த வேலைகளில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது. திருடர்கள் வெட்டிய குழிகளின் பக்கச் சுவர்களைச் சுத்தம் செய்து, மண்ணடுக்குகளைப் படித்தார்கள். முறையாகத் தோண்ட நேரமும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் வேறு வழியில்லை. கெட்டதிலும் ஒரு தகவல் எடுத்தார்கள் என்று பாராட்டலாம். ஆனால் அந்தக் குழிகளிலிருந்து போன பொருள்கள் எந்த அடுக்கில், எந்த வீட்டில் கிடந்தன என்பது இனி எவருக்கும் தெரியாது.

பாதுகாப்பு வேலைக்கும் ஆய்வுக்கும் இடையே இப்போது ஒரு முரண்பாடு இருக்கிறது, இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மினாரைக் காக்க ஆற்றோரத்தில் கல்தடுப்பு வேண்டும், கரையைக் கெட்டிப்படுத்த வேண்டும், அடித்தளத்தைச் சுற்றி வேலை செய்ய வேண்டும். அதே கரைக்குள்தான் பள்ளிவாசலின் செங்கல் தளம் கிடக்கிறது. கனமான தடுப்பை அதன்மேல் ஏற்றினால் மினார் பிழைக்கும், மினாருக்கு அர்த்தம் தரும் தளம் நசுங்கும் அல்லது எட்டாமல் போகும். வரிசை மாறக்கூடாது: முதலில் தளத்தின் எல்லை எதுவரை என்று நிலத்தைத் துளைக்காத அளவீடுகளால் வரைய வேண்டும், அதற்குப் பிறகு தடுப்பு எங்கே அமரும் என்று முடிவு செய்ய வேண்டும். ஆறு இந்த வரிசைக்காகக் காத்திருக்காது என்பதும் உண்மைதான். அடுத்த வசந்தத்துக்குள் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் தடுப்பைப் போடுங்கள் என்றே நானும் சொல்வேன். தளம் எங்கெங்கே அகப்பட்டது என்று வரைபடத்தில் குறித்துவிட்டுப் போடுங்கள்.